நாளைக்கு என்ன பாடம்?

சாயங்காலம் 6 மணி. திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். கடலைக் காட்டில் களை எடுத்துவிட்டு ஒரு தாய் வீடு திரும்புகிறாள். மகன் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறான். 3-ம் வகுப்பு படிக்கிற பையன்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடத்திலே என்னடா சொல்லிக் கொடுத்தாங்க?"

"ஒண்ணுமில்லேம்மா."

பேச்சு அத்துடன் முடிந்தது. தாய் உலை வைக்கப் போய்விட்டாள்.

இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் உங்கள் வீட்டில் இல்லையா? அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. பையன் பொய் சொல்லவில்லை. காலையில் இருந்து மாலை வரை பள்ளியில் என்னென்னவோ நடந்தது. அதில் எதைச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. 8 வயதுப் பிள்ளை வேறு என்ன செய்வான்?

தாய் மீதும் குற்றம் இல்லை. இன்று எடைப் பாடம் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால், அவள் கேள்வியே மாறியிருக்கும். "ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம்டா? அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்கணும். எத்தனை கிராம்னு கேட்கணும்?" என்று கேட்டிருப்பாள். பையனும் துள்ளிக்கொண்டு பதில் சொல்லியிருப்பான்.

பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன பாடம் என்பது பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் ஏழைப் பிள்ளையின் படிப்பு பல நேரங்களில் இந்தச் சின்ன விஷயத்தில்தான் தவறிப் போகிறது.

பின்னால் வரும் செய்தி

பள்ளிக்கூடத்தில் இருந்து வீட்டுக்கு என்னென்ன செய்தி வருகிறது?

"ஆதார் அட்டை நகல் கொண்டு வா." "வங்கிக் கணக்குப் புத்தகம் கொண்டு வா." "சாதிச் சான்றிதழ் கொண்டு வா." "அப்பாவை வந்து கையெழுத்துப் போடச் சொல்."

பிறகு மதிப்பெண் அட்டை வருகிறது. அதைப் பார்த்துத் தந்தை கோபப்படுகிறார். தாய் கண் கலங்குகிறாள். பையனுக்கு இரண்டு அடி விழுகிறது. எந்தப் பாடத்தில் அவன் தடுமாறினான், எப்போது தடுமாறினான் என்பது யாருக்கும் தெரியாது.

கடலை போடுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மழை எப்போது வரும் என்பது விதைப்பதற்கு முன்பு தெரிந்தால் பயன் உண்டு. காய் பிடிக்காமல் போன பிறகு, "இந்த வருடம் மழை குறைவு" என்று ஒருவர் வந்து சொன்னால் என்ன பயன்? மதிப்பெண் அட்டை மட்டும் வருவதும் அப்படித்தான். காலம் கடந்து வருகிற செய்தி அது.

ஒரே சாலை, இரண்டு விதம்

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாகச் சாலை போகிறது. காலை நேரத்தில் அந்தச் சாலையில் நின்று பாருங்கள். மஞ்சள் நிறப் பஸ்கள் வரிசையாகப் போகும். தனியார் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். அவர்கள் பையில் ஒரு டைரி இருக்கும். பல பள்ளிகளில் வாட்ஸ்அப் குழுவும் உண்டு. நாளைக்கு எது பாடம், எதைப் படித்து வர வேண்டும் என்று வீட்டுக்குச் செய்தி போய்விடுகிறது.

சாலையை விட்டு உள்ளே போனால் கிராமம். அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பெற்றோர் வயலுக்கோ, செங்கல் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ போகிறவர்கள். இங்கேயும் சில ஆசிரியர்கள் தாங்களாகவே பெற்றோருக்குச் செய்தி அனுப்புகிறார்கள். அது அந்த ஆசிரியரின் நல்ல மனம். அவர் மாற்றலாகிப் போனால் செய்தியும் போய்விடும்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் அது 100-க்கு 72 பேர்தான்.

அதாவது, செய்தி அதிகமாகத் தேவைப்படும் வீட்டுக்குத்தான் செய்தி குறைவாகப் போகிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ம் ஆண்டு நிறைவேறியது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, பெற்றோர் கூட்டத்தை ஒழுங்காக நடத்துவது. பிள்ளை சரியாகப் பள்ளிக்கு வருகிறதா, அதன் கற்கும் திறன் எப்படி, எவ்வளவு முன்னேறி இருக்கிறது என்பவற்றையும், பிள்ளையைப் பற்றிய மற்ற விவரங்களையும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் கவனியுங்கள். வருகை என்பது நடந்து முடிந்தது. முன்னேற்றம் என்பதும் நடந்து முடிந்தது. வரப் போகிற பாடத்தைச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் தனியாக ஒரு வார்த்தை இல்லை. "மற்ற விவரங்கள்" என்ற சொல்லுக்குள் அதையும் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. சேர்த்துக்கொள்ள மனம்தான் வேண்டும்.

அதே சட்டத்தின் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு இந்தக் குழுக்கள் பள்ளிக்கு 20 பேர் வீதம் திருத்தி அமைக்கப்பட்டன. 2024-ல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தக் குழுக் கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள்? சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்க் குழாய். எல்லாம் அவசியமானவைதான். அவற்றோடு பாடத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசினால் என்ன?

அன்று கேட்டது பெஞ்சு

பெற்றோரைப் பள்ளிக்கு அழைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித் துறைத் தலைவராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1958-ல் இருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பொதுமக்கள் பெஞ்சு கொடுத்தார்கள். கரும்பலகை கொடுத்தார்கள். மதிய உணவுக்குப் பாத்திரம் கொடுத்தார்கள். நிலம் கொடுத்தவர்களும் உண்டு.

பள்ளிக்கூடம் சர்க்காருடையது மட்டும் அல்ல, ஊருடையது என்ற எண்ணம் அப்போது வேர் பிடித்தது. ஆனால் அன்று ஊரிடம் கேட்டது பொருளைத்தான். வகுப்புக்குள் நடக்கும் பாடம் ஆசிரியரின் வேலை என்றே இருந்துவிட்டது. கையெழுத்தே போடத் தெரியாத பெற்றோரிடம் பாடத்தைப் பற்றி என்ன பேசுவது என்று நினைத்திருக்கலாம்.

அந்த நினைப்பு இன்றைக்கும் போகவில்லை. அதுதான் குறை.

முதலியார்குப்பத்தில் நடந்தது

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8-ம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. ஏறக்குறைய 19 மாதம்! 1-ம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ஆசிரியர் முகத்தையே பார்க்காமல் 2-ம் வகுப்புக்குப் போனது.

அந்தக் கஷ்ட காலத்தில் ஒரு நன்மையும் நடந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. எந்த வகுப்புக்கு, எந்தப் பாடம், எத்தனை மணிக்கு என்று அட்டவணையும் வந்தது. பாடம் வருவதற்கு முன்பே அதன் நேரமும் பெயரும் வீட்டுக்குத் தெரிந்தன. பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

அடுத்து வந்தது 'இல்லம் தேடிக் கல்வி'. 2021-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில், முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாடு முழுவதற்கும் போன திட்டம் திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள அந்தக் கடலோரக் கிராமத்தில்தான் பிறந்தது.

மாலை 5 மணியில் இருந்து 7 மணிக்குள், ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் வகுப்பு நடந்தது. நடத்தியவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். பெரும்பாலும் பெண்கள். மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை. பிள்ளைகள் திண்ணையிலும், கோவில் மண்டபத்திலும், மரத்தடியிலும் உட்கார்ந்து படித்தார்கள்.

இதில் பெற்றோருக்குக் கிடைத்தது என்ன? பாடம் அவர்கள் கண் முன்னால் நடந்தது. தண்ணீர்க் குடத்தோடு போகிற தாய் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். சொல்லிக் கொடுக்கிற பெண் தெரிந்த வீட்டுப் பெண். "அக்கா, நாளைக்கு என்ன நடத்தப் போறீங்க?" என்று கேட்கக் கூச்சம் இல்லை. பள்ளிக்கூட வாசலில் தயங்கி நிற்கிற தாய், தெருத் திண்ணையில் தயங்கவில்லை.

இந்தப் பாடத்தைத்தான் நாம் மறக்கக் கூடாது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்வது தவறு. அவர்களிடம் செய்தி இல்லை. செய்தி வந்தால் அக்கறை தானாக வெளியே தெரியும்.

மேசைக்குள் இருக்கும் நோட்டு

செய்தியைப் புதிதாகத் தயார் செய்ய வேண்டுமா? தேவையே இல்லை!

ஆசிரியரிடம் பாடக்குறிப்பு நோட்டு இருக்கிறது. இந்த வாரம் என்ன பாடம், என்ன பயிற்சி என்று அதில் எழுதுகிறார். தலைமை ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அதிகாரி வந்தால் அவரும் பார்க்கிறார்.

2012-13-ம் கல்வி ஆண்டில் முப்பருவ முறை வந்தது. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 3 பருவம். பருவத்துக்குத் தனித்தனிப் புத்தகம். ஆகவே 3 மாதத்துக்கு என்ன பாடம் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். 2022-ம் ஆண்டு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் ஆசிரியருக்குக் கையேடு கொடுத்தார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்பச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள்.

ஆக, வரப் போகிற பாடம் ஆசிரியருக்குத் தெரியும். தலைமை ஆசிரியருக்குத் தெரியும். சென்னையில் இருக்கும் அதிகாரிக்கும் தெரியும். பிள்ளையைப் பெற்றவளுக்கு மட்டும் தெரியாது!

படிக்காத தாய் என்ன செய்வாள்?

"அவளுக்கே எழுத்துத் தெரியாது. பாடத்தின் பெயரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் கேட்கலாம்.

அடுத்த வாரம் பணக் கணக்கு என்று சொல்லுங்கள். சந்தைக்குப் போகும்போது பையனைக் கூட்டிப் போவாள். "50 ரூபாய் கொடுத்தேன். தக்காளி 32 ரூபாய். மீதி எவ்வளவு வரணும்?" என்று கேட்பாள். அவளுக்கு அந்தக் கணக்கு வாத்தியாரை விட வேகமாக வரும்.

அளவைப் பாடம் என்று சொல்லுங்கள். லிட்டர் பாட்டிலையும் அரை லிட்டர் டம்ளரையும் அவன் கையில் கொடுப்பாள். எத்தனை டம்ளர் ஊற்றினால் பாட்டில் நிறையும் என்று அவனே பார்த்துக்கொள்வான்.

செடி கொடிப் பாடம் என்று சொல்லுங்கள். பூ மேலே பூக்கிறது, காய் மண்ணுக்குள் பிடிக்கிறது என்று கடலைச் செடியைப் பிடுங்கிக் காட்டுவார் தாத்தா. அந்த ஒரு பாடத்துக்கு அவரை விட நல்ல ஆசிரியர் உண்டா?

கதைப் பாடமா? பாட்டிக்குத் தெரியாத கதையா? 'ழ' எழுத்து வருகிறதா? வாழைப்பழம், மழை, உழவு என்று வீடு முழுக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

இப்படி ஒரு வாரம் காதில் விழுந்த பிள்ளை வகுப்பில் உட்காரும்போது, பாடம் புதிதாகத் தெரியாது. கை தூக்கும். பதில் சொல்லும். ஒரு முறை சரியாகப் பதில் சொன்ன பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடித்துப் போகும்.

ஆப்பிரிக்காவில் ஒரு சோதனை

இதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா என்று ஒரு நாடு. 2020-ல் அங்கேயும் பள்ளிகள் மூடியபோது, சுமார் 4,500 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். சில வீடுகளுக்கு வாரம் ஒரு முறை சில கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். வேறு சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பி, தொலைபேசியில் பெற்றோரையும் பிள்ளையையும் அழைத்துச் சுமார் 20 நிமிடம் பேசினார்கள்.

முடிவு என்ன? குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பேசிய வீடுகளில் பிள்ளைகளின் கணக்கு முன்னேறியது. தங்கள் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதும் பெற்றோருக்கு முன்னை விட நன்றாகப் புரிந்தது. பிறகு இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் ஆகிய 5 நாடுகளிலும் இந்த முறையைச் சோதித்தார்கள். பலன் கிடைத்தது.

இதில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. எழுத்தை அனுப்பினால் மட்டும் போதாது. குரல் போக வேண்டும். மனிதர் பேச வேண்டும்.

ஆசிரியரின் சிரமம்

ஆசிரியர் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும்.

கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர்கள் இரண்டு பேர்தான். 5 வகுப்பையும் அவர்களே பார்க்க வேண்டும். கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள் வேறு. "இன்னும் ஒரு வேலையா?" என்று அவர்கள் கேட்டால் அது நியாயம்தான்.

ஆகவே இதற்கு ஒரு புதுப் பதிவேடு வைக்கக் கூடாது. படம் எடுத்து அனுப்பு, அறிக்கை அனுப்பு என்று உத்தரவு போடக் கூடாது. அப்படிச் செய்தால் பதிவேடு நிரம்பும். பெற்றோருக்குச் செய்தி போகாது.

இன்னொரு பயமும் உண்டு. பாடம் முன்பே தெரிந்தால், சில பெற்றோர் அதை வீட்டிலேயே திணித்துவிடுவார்கள். மனப்பாடம் செய்யச் சொல்லி அடிப்பார்கள். டியூஷனுக்குத் துரத்துவார்கள். இதற்குத்தான் ஆசிரியர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும்: "நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். பிள்ளையோடு பேசினால் போதும்."

வெள்ளம் வந்தபோது

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் ஊர்கள் வெள்ளத்தில் மிதந்தன. பள்ளிகளுக்குப் பல நாள் விடுமுறை விட்டார்கள். எத்தனையோ வீடுகளில் பாடப் புத்தகமும் நனைந்து போனது.

அந்த மாதிரி நாட்களில், இந்த வாரம் என்ன பாடம் என்று தாய்க்குத் தெரிந்திருந்தால்? புத்தகம் இல்லாவிட்டாலும் பேச்சு இருந்திருக்கும். புயலும் வெள்ளமும் நமக்குப் புதிது அல்ல. மறுபடியும் வரும். பாடம் பள்ளிக்கூடச் சுவருக்குள் மட்டும் இருந்தால், சுவருக்குள் தண்ணீர் வரும்போது பாடமும் நின்றுவிடும்.

என்ன செய்யலாம்?

செலவு இல்லாத வழிகள் நான்கு இருக்கின்றன.

ஒன்று: பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை. வெள்ளிக்கிழமை மாலை, வகுப்புக்கு ஒரு வரி. "3-ம் வகுப்பு: அடுத்த வாரம் பணக் கணக்கு. கடைக்குக் கூட்டிப் போங்கள்." இதை 5-ம் வகுப்புப் பிள்ளைகளே எழுதலாம். அவர்களுக்கும் அது எழுத்துப் பயிற்சி.

இரண்டு: ஆசிரியரின் குரலில் அரை நிமிடச் செய்தி. வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பாமல், பேசி அனுப்ப வேண்டும். பகலில் அப்பா போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே இரவு 7 மணிக்குப் பிறகு அனுப்பினால், வீட்டில் எல்லோரும் கேட்கலாம்.

மூன்று: போன் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீடு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் தெருவுக்கு ஒருவராகப் பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொன்னாலே ஊர் முழுக்கப் போய்விடும்.

நான்கு: குழுக் கூட்டத்தில் முதல் 10 நிமிடம் பாடத்துக்கு. சுற்றுச்சுவர் அதன் பிறகு.

பெற்றோரும் ஒன்று செய்ய வேண்டும். பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடாதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர், படிக்காதவர் என்ற கூச்சம் வேண்டாம். ஆசிரியர் வேலை பார்ப்பது உங்கள் பிள்ளைக்காகத்தான். வாரத்தில் ஒரு நாள், பிள்ளையை விடும்போதோ அழைக்கும்போதோ, மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"டீச்சர், அடுத்த வாரம் என் பிள்ளைக்கு என்ன பாடம்?"

பதில் சொல்லாத ஆசிரியர் இருக்க மாட்டார். இரண்டு வாரம் கேட்டால், மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டுச் சொல்வார்.

பிறகு மாலையில் வீட்டுக்கு வந்து பையனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "ஒண்ணுமில்லேம்மா" என்ற பதில் வராது.